ஒற்றை விரலால் சுற்றிய கிரைண்டர்

கல்கத்தா கிடர்பூரில் மோட்டாரைப் பற்றிச் சந்தேகம் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள் என்று நான் பல வருடங்கள் சொல்லி வந்தேன். உண்மையில் வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் துறைமுக வாசலுக்கு வழி கேட்டு வந்தவர். இருந்தாலும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, ஓட்டலில் தட்டு கழுவி, பிறகு ஓட்டல்களுக்கே மாவு அரைத்துக் கொடுக்கும் கொட்டகைக்கு முதலாளி ஆனவன் நான். கொஞ்சம் பேசத்தான் செய்வேன்.

கொட்டகையில் ஒரே ஒரு பெரிய கிரைண்டர். ஐந்து குதிரைசக்தி மோட்டார், பெல்ட், ஒரே வேகம். அரிசிக்கு அந்த வேகம் சரி. உளுந்துக்கு ஆகாது. கல் வேகமாக ஓடினால் மாவு சூடாகிவிடும். சூடான மாவு பொங்காது. வேகத்தைக் குறைக்க வேறு புல்லி மாட்ட வேண்டும். அது ஒரு மணி நேர வேலை என்பதால் நாங்கள் மாட்டுவதே இல்லை.

லேக் மார்க்கெட்டில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். நான் அரைக்கும் மாவில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் போகும். ஒருநாள் என்னை வரச்சொல்லி, தட்டில் ஒரு உளுந்து வடையை வைத்துக் கரண்டியால் தட்டினார். டக்கென்று சத்தம் கேட்டது.

“இது வடையா வே, சாணைக்கல்லா? கத்தி கொண்டாரச் சொல்லவா?”

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குக் கோவில் வடை முழுவதையும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாவு சரியாக வந்தால் என்னிடம் தொடர்ந்து வாங்குவார். இல்லையென்றால் சொந்தமாகக் கிரைண்டர் போட்டுக்கொள்வார். அவர் போனால் என் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

குமிழைத் திருகினாலே மோட்டார் வேகத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, டிரைவ் என்று பெயர் என்றார்கள். சாந்தினி மின்சாமான் கடைத்தெருவில் அதை விற்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒரு வங்காளிப் பெண், இன்ஜினியர். என் மகள் வயது இருக்கும். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன மெஷின், எத்தனை குதிரைசக்தி, சுற்றுவதற்கு எவ்வளவு பாரமாக இருக்கும், சரக்கோடு ஸ்டார்ட் செய்வீர்களா காலியாகவா.

முதல் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பாரம் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையால் பேரிங் போட்ட கிரைண்டர். அதைப் பாரம் என்பதா? ஒற்றை விரலால் சுற்றலாம் என்று என் வங்காளியில் சொன்னேன். பொய்யில்லை. காலியாக இருந்தால் சுற்றலாம். அவள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். வங்காளியில் காக்கு என்றால் சித்தப்பா.

“ஒத்தை விரலாலயா, காக்கு?”

“சுண்டு விரலே போதும்மா.”

எழுதிக்கொண்டாள். கடைசிக் கேள்வியை நானும் மறந்தேன், அவளும் மறந்தாள். அப்படி லேசாகச் சுற்றுவதென்றால் ஊதுகாற்று மெஷினுக்கும் தண்ணீர் பம்புக்கும் போடுகிற சின்ன வகையே போதும், பெரிய வகை வேண்டாம் என்றாள். எதற்கும் ஒருமுறை நேரில் வந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். நான் இருக்கும்போது பார்க்க என்ன இருக்கிறது என்றேன். பெட்டியை வாங்கிப் பூசணிக்காய் மாதிரி கையில் எடை பார்த்து, தலையாட்டி, நல்ல சரக்கு என்று அவளுக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கடை ஆள் வந்து மாட்டினான். தெருவே கூடியிருந்தது. நான் ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதைப் போலக் குமிழைத் திருக, காலி டிரம் மெதுவாகப் போனது, வேகமாகப் போனது, நின்றது. அதுவரை மோட்டாரைக் கிளப்பிவந்த பழைய ஸ்டார்ட்டரை அங்கேயே பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தேன். உளுந்து போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கடை ஆள் கேட்டான். மறுநாள் விஸ்வகர்மா பூஜை, நம் ஊர் ஆயுத பூஜை மாதிரி மெஷின்களுக்கு நடப்பது. மெஷினைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம், மறுபடி மாவாக்கவா என்று அவனை அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜை. அன்று மெஷினை ஓட்டக் கூடாது என்பதில் எங்கள் ஆட்கள் கறார். டிரைவ் பெட்டிக்குச் செவ்வந்தி மாலை, பொட்டு எல்லாம் ஆயிற்று. அன்றைக்குக் காற்றாடி விடுவது இந்த ஊர் வழக்கம், வானம் முழுக்கக் காற்றாடி. பிரசாதம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஒற்றை விரல் கதையைச் சொன்னேன். நாலாவது தடவை சொல்லும்போது என் மனைவி தட்டோடு பின்னால் நின்றிருந்தாள்.

“அந்தப் பிள்ளகிட்டச் சொல்லி உங்க வாய்க்கும் ஒரு பெட்டி வாங்கி மாட்டிருங்க.”

சனிக்கிழமை விடிந்ததும் வழக்கம்போல ஊறின உளுந்தை டிரம் நிறையக் கொட்டினோம். எங்கள் வழக்கமே அதுதான். நிரப்பிவிட்டு ஸ்விட்சைப் போடுவோம். பழைய ஸ்டார்ட்டரில் மோட்டார் ஒரு உறுமல் உறுமி இழுத்துவிடும். இப்போது டிரம் நடுங்கியது, ஒரு சாண் நகர்ந்தது, நின்றுவிட்டது. பெட்டியில் ஏதோ எழுத்து மின்னியது. அணைத்துப் போட்டேன். மறுபடி ஒரு சாண். மாலையைக் கழற்றியதில் விஸ்வகர்மா பாபாவுக்குக் கோபம் என்றார் எங்கள் கொட்டகையின் தலைமை மிஸ்திரி. மாலையைத் திரும்பப் போட்டேன். அப்போதும் ஒரு சாண்தான். பத்து மணிக்குள் மாவு லேக் மார்க்கெட்டில் இருக்க வேண்டும்.

எதிரே டெலிபோன் பூத். சாந்தினிக் கடை திறக்கிற நேரமில்லை என்பதால், அந்த இன்ஜினியர் பெண் பில்லில் எழுதிக் கொடுத்திருந்த வீட்டு எண்ணுக்குப் போட்டேன். டிரம்மில் பருப்பு இருக்கிறதா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன்.

“அப்ப ஒத்தை விரலால சுத்திப் பாத்துட்டு வாங்க காக்கு. நான் லைன்லயே இருக்கேன்.”

போகாமல் பொய் சொல்லியிருக்கலாம். போனேன். விரலை வைத்தேன். பிறகு கையை வைத்தேன். பிறகு தோளைக் கொடுத்தேன். ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். திரும்பி வந்து சுற்றவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நிறைந்த டிரம்மை இழுத்துக் கிளப்பும் தெம்பு அந்தச் சின்னப் பெட்டிக்குக் கிடையாது, பருப்பு முழுவதையும் அள்ளிவிட்டுக் காலியாக ஓடவிடுங்கள், ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், எப்போதும் பாதி டிரம்முக்கு மேல் போகாதீர்கள் என்றாள். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதன் வாலில் இருக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், தனக்கே காற்றுப் போதாமல் சூடாகும். வெளியிலிருந்து ஒரு ஃபேன் வையுங்கள், மோட்டாரில் கை வைக்க முடியாமல் போனால் உடனே நிறுத்துங்கள் என்றாள். மாவு குளிர வேண்டும் என்று மட்டுமே யோசித்த எனக்கு, மோட்டார் வேகும் என்று தோன்றியதே இல்லை.

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. இருந்தது ஒரே ஸ்டாண்டு ஃபேன். அதன் கீழே மனைவி படுத்திருந்தாள். எதுவும் கேட்காமல் எழுந்து பிளக்கைப் பிடுங்கிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லையென்றால் விஷயம் பெரிது.

கிண்ணம் கிண்ணமாகப் போட்டு அரைத்தோம். நான் மோட்டார் மேல் கை வைத்தபடி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தேன். மாவு குளிர்ந்து, வெள்ளையாக, பஞ்சு மாதிரி எழும்பி வந்தது. டாக்ஸியில் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போய் இறங்கியபோது பத்தேகால். அண்ணாச்சி ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டார். மிதந்தது. முதல் வடை வெந்ததும் கரண்டியால் தட்டிப் பார்த்தார். சத்தமில்லை.

“நாளைல இருந்து இதே பக்குவத்துல அனுப்பும் வே.”

திங்கட்கிழமை அந்தப் பெண்ணே வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஆட்களிடம் சொல்லி டிரம்மை நிரப்பி, கரண்டு எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரால் பிடித்துப் பார்த்தாள். சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு பெரிய வகையைக் கொடுத்தாள்; மோட்டாரின் வாலில் தனி ஃபேன் வைக்கச் சொன்னாள். புதுத் தாளில் எழுதும்போது பாரம் என்ற இடத்தில் பேனா நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“நாலு ஆளு தள்ளினாலும் நவுராதுன்னு எழுதும்மா.”

இந்தக் கதையை லேக் மார்க்கெட்டில் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அங்கே சொல்லும்போது, மோட்டாருக்குத் தனிக் காற்று வேண்டும் என்று கண்டுபிடித்தது நான். இப்போது இதை எழுதுகையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.