வரிசையின் கடைசியில் வந்து நின்றவள்

மின்சாவைப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

என் பெயர் பஸ்காசியா. எங்கள் நாட்டுப் பெரிய ஏரிக்கு மேற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். கணக்கு டீச்சராக ஏரிக்குத் தென்கிழக்கே மாஸ்வா பக்கம் பருத்திக்காட்டுப் பள்ளி ஒன்றுக்கு வந்தேன். வந்த இடத்திலேயே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. மாணவிகளின் ஒழுங்குக்குப் பொறுப்பும் என்னுடையதுதான். அந்தப் பொறுப்பில் ஒரு வேலை உண்டு. பருவத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வருவார். பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டு, அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பார். நான் பக்கத்தில் பதிவேட்டோடு நின்று, ஒன்றும் இல்லையென்றால் பெயருக்கு நேரே டிக் போடுவேன். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே நீக்கம். விதி அப்படி இருந்தது. நான் அதைப் பற்றி இரண்டு தடவை யோசித்ததில்லை.

மின்சாவுக்கு அப்போது பதினேழு வயது. பதினோரு கிலோமீட்டர் நடந்து வருவாள். அவள் ஊரில் மேல்வகுப்புக்குப் பள்ளி கிடையாது. மழைக்காலத்தில் பாதை கறுப்புச் சேறாகிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால்வரை சேறோடு வந்து நிற்பாள். கணக்கில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடை வந்த பிறகும் பேனாவை வைக்கமாட்டாள், வேறு வழியில் போட்டு அதே விடை வருகிறதா என்று பார்ப்பாள். ஏன் நேரத்தை வீணாக்குகிறாய் என்று கேட்டதற்கு, "ஒரு வழியில தப்பாப் போயிருந்தா இன்னொரு வழி காட்டிக் குடுக்கும்ல டீச்சர்" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் வாடகை மோட்டார் பைக் ஓட்டும் ஒருவன் அவளை வழியில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தான். காசு வாங்கவில்லை. அதன் விலை என்ன என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. சேதி தெரிந்ததும் கெயிட்டா பக்கம் தங்கச் சுரங்கத்துக்கு ஓடிவிட்டான்.

அடுத்த சோதனையில் நர்ஸ் மின்சாவின் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் டிக் போடவில்லை. மின்சா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டீச்சர், கடைசிப் பரீட்சைக்கு இன்னும் மூணு நாள்தானே. எழுதிட்டுப் போகட்டுமா?"

"விதி இடம் குடுக்காதேம்மா."

"ஓரமா உக்காந்து எழுதுறேன். யார்கிட்டயும் பேசமாட்டேன்."

தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை.

மறுநாள் அவள் அப்பா மடுஹு வந்தார். பருத்தி விவசாயி, உயரமான மனிதர், பேச்சு குறைவு. நீக்கக் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்க வராது. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். 'ஒழுக்கக் கேடு' என்ற சொல் வந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது. அவர் முடியும்வரை கேட்டார்.

"அந்தப் பயலுக்கும் இப்படி ஒரு காகிதம் எழுதுவாங்களா டீச்சர்?"

"அவன் நம்ம பள்ளிக்கூடத்துப் பையன் இல்லையே."

"அதானே" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகளுக்குப் பரிசமாக வரும் மாடுகள் இனி பாதிகூட வராது என்பது ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து ஒரு வருடம் அவர் மகளோடு பேசவில்லை. அடிக்கவும் இல்லை, வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. அவள் கிண்டி வைத்த உகாலிக் களியைச் சாப்பிட்டுவிட்டு, தட்டை எதுவும் சொல்லாமல் தள்ளிவைப்பார். அடித்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும் என்று மின்சா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

பெண்குழந்தை பிறந்தது. லிமி என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளை மின்சா என்று கூப்பிடவில்லை. லிமி அம்மா ஆகிவிட்டாள்.

அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு அடிபம்பு. அது வருடத்தில் பாதி நாள் கெட்டுக் கிடக்கும். அப்போது பெண்கள் வறண்ட ஆற்றுக்குப் போய் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரைக்குடுவையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். பம்பைச் சரிசெய்ய மாவட்ட நீர்த்துறையிலிருந்து சொஸ்பீட்டர் என்ற மெக்கானிக் வரவேண்டும். முப்பது வயதுக்காரர், வாய் ஓயாத மனிதர், இடுப்புவலிக்காரர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம்.

ஒருநாள் அவர் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, முதுகில் குழந்தையைக் கட்டியபடி மின்சா நின்று பார்த்தாள். மறுமுறை வந்தபோதும் பார்த்தாள். மூன்றாம் முறை அவர் வாஷரை மாற்றிவிட்டு மூடப்போகும்போது வாயைத் திறந்தாள்.

"அண்ணே, வாஷர் தேயலை. கீழ இருந்து நாலாவது குழாய்ல ஓட்டை இருக்கு."

"பூமிக்குள்ள கண்ணு வச்சிருக்கியா நீ?"

"காலையில முதல் முப்பது தடவை அடிச்சாலும் தண்ணி வராது. அப்புறம் நல்லா வரும். வாஷர் தேஞ்சிருந்தா எப்பவுமே கம்மியாத்தானே வரணும்? ராத்திரியில தண்ணி எங்கேயோ இறங்கிப் போகுது. முப்பது அடி அடிச்சாத்தான் அந்த அளவுக்குத் திரும்ப ஏறுது. எவ்வளவு ஆழம்னு கணக்குப் போட்டுப் பாத்தேன்."

சொஸ்பீட்டர் சிரித்தார். ஆனாலும் குழாயை மேலே இழுத்தார். நாலாவதில் இல்லை, ஐந்தாவதில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது.

"ஒண்ணு தப்பாச் சொல்லிட்ட" என்றார்.

"குழாயோட நீளம் எனக்குச் சரியாத் தெரியாதுல்ல" என்றாள்.

அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் பம்பு கெட்டால் அவர் அவளையும் கூட்டிப்போனார். இரண்டு வருடத்தில் கதை தலைகீழாகிவிட்டது. அவர் மரநிழலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு கதையடிப்பார், அவள் ஸ்பானரோடு பம்பை அடுத்து மண்டியிட்டிருப்பாள். வேலை முடிந்ததும் கையெழுத்து அவருடையது, சம்பளமும் அவருடையது. அவளுக்கு மக்காச்சோளமோ கோழியோ ஊர்க்காரர்கள் கொடுப்பார்கள். அவள் நேரே நீர்த்துறை அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்டாள். பள்ளி இறுதித் தேர்வான நாலாம் படிவத்தின் சான்றிதழ் இல்லாதவர்களை எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எங்கிட்ட காகிதம் இருக்கு, உங்கிட்ட கை இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா நான் எங்க போறது?" என்பார் சொஸ்பீட்டர். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை.

2019 செப்டம்பரில் எங்கள் பள்ளியின் பம்பு நின்றுபோனது. நானூறு பிள்ளைகள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நீர்த்துறைக்குச் சொல்லியனுப்பினோம். சொஸ்பீட்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் மின்சா மட்டும் சைக்கிளில் வந்தாள், பின்னால் கருவிப்பை. மூன்று வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். தோள் அகன்றிருந்தது, கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு என்று பார்த்து நர்ஸும் வந்திருந்தார். பெண்பிள்ளைகள் அலுவலக அறை வாசலிலிருந்து பம்புவரைக்கும் வரிசையில் நின்றார்கள். பதிவேடு என் கையில்.

வரிசையின் நடுவில் நாலாம் படிவத்துப் பெண் ஒருத்தி, நியாமிசி, கையை அடிவயிற்றின்மேல் கோத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பதினைந்து வருடம் வரிசைகளைப் பார்த்தவள் நான். இறுதித் தேர்வுக்கு இரண்டே மாதம். புரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை, பதிவேட்டைத் திறந்தேன்.

மின்சாவும் பார்த்திருக்க வேண்டும். ஸ்பானரைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடந்துவந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

தலைமையாசிரியர் வெளியே வந்தார். "லிமி அம்மா, உனக்கு இங்க என்ன வேலை?"

"பொண்ணுங்கள எல்லாம் பாக்குறாங்கல்ல சார். என்னையும் பாக்கட்டும். போன தடவை பாத்து அனுப்புனாங்க. இப்ப வயித்துல ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லைன்னா உள்ள சேத்துக்குவீங்களான்னு கேக்கலாம்னு நின்னேன்."

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம். பம்பைப் பாரு."

"பாக்குறேன் சார். ஆனா நாற்பது மீட்டர் குழாய் உள்ள கிடக்கு, இரும்பு. ஒத்த ஆளா இழுக்க முடியாது. எனக்குக் கை வேணும்."

"பசங்கள அனுப்புறேன்."

"பசங்க எல்லாரும் செங்கல் சுமக்கப் போயிட்டாங்க, நீங்கதான அனுப்புனீங்க. இவங்க சும்மாத்தான நிக்கிறாங்க." வரிசையைப் பார்த்து, "வாங்க. கிழக்கால பத்துப் பேர், மேற்கால பத்துப் பேர். மத்தவங்க கயித்தைப் பிடிங்க" என்றாள்.

பிள்ளைகள் அசையவில்லை. தலைமையாசிரியரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் பதிவேட்டை மூடினேன். "போங்க, போய்ப் பிடிங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதாகவே எனக்குத் தோன்றவில்லை.

வரிசை கலைந்தது. மின்சா எண்ணிச் சொல்லச் சொல்ல, இரும்புக் குழாய் ஒவ்வொரு முழமாக மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்தது. நியாமிசியை மட்டும் அவள் கயிற்றில் விடவில்லை. "நீ இங்க உக்காரு. கழட்டுற போல்ட்டை வரிசைப்படி அடுக்கி வை. ஒண்ணு மாறினாலும் பம்பு ஓடாது" என்று நிழலில் உட்காரவைத்தாள். வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. நர்ஸ் மதியமே கிளம்பிப் போய்விட்டார். தண்ணீர் வந்தது, முதலில் துருவோடு சிவப்பாக, பிறகு தெளிவாக.

அந்தச் சோதனைக்கு மறுதேதி குறிப்பது என் வேலை. நான் குறிக்கவில்லை. இரண்டு முறை ஞாபகப்படுத்தினார்கள், மூன்றாம் முறை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குள் தேர்வு முடிந்திருந்தது. நியாமிசி எழுதினாள். மதிப்பெண் சுமார்தான், ஆனால் தேறிவிட்டாள். ஷின்யாங்காவில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை செய்வதாகக் கேள்வி.

நான் மின்சாவைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான். மூன்று வருடம் அந்தப் பக்கம் போகாத கால் இப்போது போய் அவள் வாசலில் நின்றது. வெயிலில் சர்க்கரைவள்ளி வில்லைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் வில்லைகளைப் புரட்டிப் போட்டபடியே இருந்தாள்.

"பரவாயில்லை டீச்சர்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"வேண்டாம், சொல்லாத."

"நீங்க விதியை எழுதலை. அது தெரியும். ஆனா கேட்டுப் பாக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டு, முடியாதுன்னு வந்திருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

2021 நவம்பரில், பிள்ளை பெற்ற பெண்கள் திரும்பப் படிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. ரேடியோவில் கேட்டதும் எனக்கு முதலில் மின்சா நினைவுதான் வந்தது. ஆனால் அவள் வெளியேறி ஐந்து வருடம் ஆகியிருந்தது. பள்ளி வகுப்பில் உட்காரும் காலம் தாண்டிவிட்டது. தனித்தேர்வராக எழுதலாம் என்றார்கள். பகலில் பம்பு, விடியலில் புத்தகம் என்று படித்தாள். முதல் தடவை ஆங்கிலத்திலும் உயிரியலிலும் தோற்றாள். அந்த முடிவு வந்த வாரம் யாரோடும் பேசவில்லை. அவள் அப்பா மடுஹுதான் பேசினார், வழக்கத்துக்கு விரோதமாக.

"ஆறு வருசம் மழை பொய்ச்சப்பவும் நான் விதைச்சேன்ல. ஏன்னு யாராவது கேட்டாங்களா?"

இரண்டாம் தடவை தேறினாள். கணக்கில் மாவட்டத்திலேயே முதல் சில பேரில் ஒருத்தி. இருபத்து நான்கு வயது.

நீர்த்துறையில் இடம் உடனே கிடைக்கவில்லை. ஒன்றரை வருடம் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒப்பந்த வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சொஸ்பீட்டருக்குச் சமமான வேலை, அவரைவிடக் குறைந்த சம்பளம். அவளிடம் வேலை கற்றுக்கொள்ளும் மூன்று பெண்களில் இருவர், அவளைப் போலவே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அந்த இருவரில் ஒருத்தியின் பெயருக்கு நேரே டிக் போடாமல் விட்டு அனுப்பியதும் நான்தான்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவுக்கு மின்சாவை அழைத்திருந்தேன். அவள் வரவில்லை. மறுநாள் என் வீட்டுப் பக்கம் பம்பு வேலைக்கு வந்தபோது சைக்கிளை நிறுத்தினாள்.

"நேத்து வரலாம்னுதான் கிளம்புனேன் டீச்சர். பாதி வழியில மனசு வரலை."

"சரிம்மா."

"லிமி மூணாங் கிளாஸ் வந்துட்டா. கணக்கு வரமாட்டேங்குது அவளுக்கு, பாட்டுதான் வருது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கவலை இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பெடலை மிதித்துப் போய்விட்டாள்; பக்கத்து ஊரில் இரண்டு நாளாகப் பம்பு ஓடவில்லையாம்.