ஐம்பது நாள் அவரை

போன வாரம் என் மகள் செல்போனில் விதை ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாள். செவிலிமேட்டு வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பைகளில் மண் நிரப்பி வைத்துவிட்டு ஆடிக்குக் காத்திருக்கிறோம். கத்தரி, வெண்டை, புடலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவள், "அப்பா, அவரையில செடி அவரை போடட்டுமா, கொடி அவரையா?" என்றாள். சின்னக் கேள்விதான். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். இதே கேள்விக்கு ஒரு தடவை, யாரையும் கேட்காமல், நானே பதில் எழுதியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அந்த வைகாசியில்தான் ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடி மாதம் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்பது வழக்கம். பிறந்த வீட்டார் போய் அழைத்துவருவார்கள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவார். அப்படி ஆனிக் கடைசியிலேயே அத்தை வந்தாள். கல்யாணத்துக்குப் போன அத்தையும் வந்த அத்தையும் ஒரே மாதிரி இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் எழுந்து நின்றுவிடுவாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. வளையல் உடைந்து கிழித்தது என்றாள். அம்மா பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நான் நம்பினேன்.

வந்த மறுநாளே அவள் பெட்டியிலிருந்து ஒரு விலைப் பட்டியலை எடுத்தாள். சென்னையில் ஏதோ ஒரு விதைக்கடை தபாலில் அனுப்பியது. ஆரணியிலிருந்தே துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கிணற்றடிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் தோட்டம் போடப்போவதாகச் சொன்னாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும், என் கையெழுத்தோ குண்டு குண்டாக இருக்கும். ஆகவே ஆர்டர் எழுதும் வேலை எனக்கு வந்தது.

காய்களின் பெயரை விட்டுவிட்டு, எதற்கு எத்தனை நாள் என்று போட்டிருந்ததை மட்டும் படிக்கச் சொன்னாள். படித்தேன். கீரை இருபத்தைந்து நாள். வெண்டை நாற்பத்தைந்து. செடி அவரை ஐம்பது. கொடி அவரைக்கு நாள் போடவில்லை. ஆடியில் ஊன்றினால் தையில் காய்க்கும் என்று இருந்தது.

"அதையே எழுதுடா கண்ணு. வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குப் புரியவில்லை. தைக்குள் அத்தை ஆரணியில் இருப்பாள். தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் ஒரு காய்கூடப் பார்க்காமல் போய்விடுவாளே என்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாது. எழுத மட்டும் தெரியும். கார்டில் கொடி என்ற இடத்தில் செடி என்று எழுதி, தெருக்கோடித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அத்தைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பொட்டலத்தின் மேல் எல்லாம் இங்கிலீஷ். எனக்கும் அத்தைக்கும் அது படிக்க வராது. விதைகளை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, பிறகு மண்ணும் மக்கிய எருவும் போட்ட கொட்டாங்குச்சிகளில் அத்தை ஒவ்வொன்றாக ஊன்றினாள். ஊன்றிய அன்று சாயங்காலமே நான் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் வெள்ளையாக வந்திருந்த வேர் ஒன்று விரலில் முறிந்தது.

அத்தை தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அதுக்கு இன்னாடா அவசரம்? மெதுவா வரட்டும்."

முளைத்தவற்றைக் கிணற்றடியில் நட்டு, அத்தை ஒரு பந்தல் கட்ட ஆரம்பித்தாள். நாலு மூங்கில் நட்டு, தறியில் கழித்த பழைய கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள். ஒரு நாள் கட்டியதை மறுநாள் அவிழ்த்து இன்னும் உயரமாகக் கட்டுவாள். தறிக்குழியில் நெய்தபடியே அப்பா எட்டிப் பார்த்து, கல்யாணப் பந்தலையே இவ்வளவு பெரிதாகப் போடவில்லையே என்று கேலி செய்தார். அவள் சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆவணி மூன்றாம் நாள் அத்தையைக் கூட்டிப்போக மாமா வந்தார். நல்ல சட்டை, கையில் பூ, எனக்கு பிஸ்கட். மோர் குடித்துவிட்டு, கிளம்பலாமா என்று பொதுவாகக் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை, குரலைத் தாழ்த்தி, விதை ஊன்றியிருப்பதாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு: விதை ஊன்றிய கைதான் முதல் காயைப் பறிக்க வேண்டும். வேறு கை பறித்தால் கொடி பட்டுப்போகும் என்பார்கள்.

அப்பாவுக்கு அது ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. "ஆமாம் மாப்ள. ஊனிட்டு நடுவுல விட்டுட்டுப் போவக் கூடாது. மொதக் காய் பறிச்ச அன்னிக்கே அனுப்பி வெச்சிடறேன்."

"அவரக்காய்க்காவ பொண்டாட்டிய விட்டுட்டுப் போனவன் நான் ஒருத்தனாதான் இருப்பேன் மச்சான்" என்று மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் செருப்பை மாட்டும்போது சிரிப்பு இல்லை. காய்த்ததும் ஒரு கார்டு போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அத்தைக்குச் சந்தேகம் வந்தது. பந்தலில் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. செடிகள் என் முழங்கால் உயரத்தில் நின்று கிளைவிட்டன. ஒன்றுகூடக் கயிற்றைத் தொடவில்லை. அவள் தண்டைப் பிடித்துக் கயிற்றில் சாய்த்துக் கட்டுவாள். மறுநாள் அது அங்கேயே நிற்கும்.

"இது ஏன்டா ஏற மாட்டேங்குது?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். நான் மாற்றி எழுதியதைச் சொன்னேன். தைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், நீ இங்கே இருக்கும்போதே காய்த்துவிடும் என்று சொன்னேன். அத்தை திட்டவில்லை. என்னைப் பார்த்தபடியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளுன்னு போட்டிருந்துச்சு?"

"அம்பது, அத்தை."

விரலை மடக்கி எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

நாலைந்து நாளில் பூ வந்தது. ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாக வந்தது. காலையில் பார்த்தால் பாதிப் பூ இருக்காது. அணில் வேலை என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகாமல் ஒரு குச்சியோடு கிணற்றடியில் காவல் உட்கார்ந்தேன். அத்தை வருவாள், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவாள். வெயிலில் ஏன் குந்திக்கொண்டிருக்கிறாய், உள்ளே போ என்பாள். நான் அசையவில்லை. ஒரு விடிகாலை அவள் உள்ளங்கையிலேயே அந்தப் பூக்களைப் பார்த்தேன். சாமிக்கு என்றாள். அவரைப் பூவைச் சாமிக்கு வைத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு கை நந்தியாவட்டைப் பறித்துவந்து தினமும் அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்.

அப்புறம் பிஞ்சு வந்தது. பிஞ்சை முதலில் பார்த்தவள் அம்மா. தெருவில் நாலு பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், புதுப்பொண்ணு இன்னுமா போகவில்லை என்று. அம்மா கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதையும் நான்தான் எழுதினேன், குண்டு குண்டாக.

அத்தை ஏழு வருஷம் கழித்து, இரண்டு பிள்ளைகளோடு, ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டாள். நடுவில் நடந்ததை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இன்றைக்கும் இல்லை.

அந்த வருஷம் ஆவணி முடிய மூன்று நாள் இருக்கும்போது மாமா மறுபடியும் வந்தார். வாசலில் நின்றே, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். அத்தை முறத்தோடு கிணற்றடிக்குப் போனாள். அப்பா அன்றைக்குத் தறியை விட்டு எழுந்து வரவேயில்லை. தறியில் நாடா குறுக்கே ஓடும் சத்தமும் கேட்கவில்லை.

அவள் முதல் காயைப் பறித்து முறத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாவது. ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூச்சி இல்லாத காயிலும் பூச்சியைத் தேடினாள். வாசலிலிருந்து மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். இவ்வளவு மெதுவாகவா பறிப்பது என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் காய்தான் பறித்தாகிவிட்டதே, இனி எந்தக் கை பட்டால் என்ன. அத்தை பஸ்ஸைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று, நான் எதிர்ப்பக்கம் குந்தி, இரண்டு கையாலும் மளமளவென்று பறித்து அவள் முறத்தை நிரப்பினேன்.