கம்பி நீட்டினவருக்கு ஒரு இலை

மஹய்யாவப் பக்கத்துப் பாலாம்பிகையக்கா நகரசபையில் முப்பத்தொரு வருடம் தெருக் கூட்டி ஓய்வு பெற்றவர். ஆடி அமாவாசைக்கு அவர் வீட்டில் இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆறு இலை போட்டுப் படைப்பார்கள். பூட்டன் வீரமுத்துவுக்கு மட்டும் இலை கிடையாது. "அந்தாளு கம்பி நீட்டினவரு" என்று அக்காவின் அப்பா சொல்லி வைத்திருந்தார். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடியவருக்கு எதற்குச் சோறு?

போன ஆடி அமாவாசைக்கு முதல் நாள், பழைய தகரப் பெட்டியைத் துடைத்தபோது ஒரு பித்தளை வில்லையும் மடித்த ஆங்கிலக் கடுதாசியும் அகப்பட்டன. அக்கா நேரே என்னிடம் வந்தார். பக்கத்து வீட்டில் அறை எடுத்திருக்கிறேன்; வத்தேகமப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளின் முதல் பட்டதாரி, அதுவும் வரலாற்றில்.

"தம்பி, கெம்பஸ் படிச்ச புள்ள நீங்க. என்னா போட்டிருக்குன்னு பாருங்க."

வில்லையில் 'கம்பியாள் 14' என்றிருந்தது. கடுதாசி, தோட்டத் துரைமார் சிலர் கூடி நடத்திய தனியார் தந்திக் கம்பெனி ஒன்றினுடையது; அதில் பதினான்காம் ஆளாக வீரமுத்துவின் பெயர் இருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கியது.

"அக்கா, பூட்டன் ஓடல! கம்பத்துக்குக் கம்பம் தந்திக் கம்பிய இழுத்து நீட்டுறதுதான் அவரு வேல."

அக்கா வில்லையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஐயோ, மூணு தலமொறையா அந்த மனுசனப் பட்டினி போட்டுட்டமே!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடுதாசியின் மறுபக்கத்தையும் வாசித்துத் தொலைத்தேன். கம்பெனி மூடப்படுகிறது, ஆட்கள் வில்லையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம், பதினான்காம் ஆளை மட்டும் ஒரு சுருள் கம்பியோடு காணவில்லை.

அக்காவின் தங்கை கலாராணி சிரித்துவிட்டார். "கம்பெனி கம்பி நீட்டிச்சா, இவரு கம்பெனிக் கம்பியோட கம்பி நீட்டினாரா? ஒன்னச் சொல்லுங்க தம்பி."

"ஓடினவரு வில்ல எப்பிடி நம்ம பெட்டிக்கு வந்திச்சு?" என்றார் அக்கா.

"திரும்பி வந்திருப்பாரு" என்றார் கலாராணி.

"வந்திருந்தா ஏன் ஓடினாருன்னு சொன்னாங்க?"

மறுபடி வாசித்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். "தெரியலக்கா" என்றேன். பட்டம் வாங்கிய பிறகு நான் அதிகம் சொல்லாத சொல் அது.

மறுநாள் ஏழு இலை விழுந்தது. ஏழாவதில் சோறும் கறியும் வைத்த அக்கா, வடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கலாராணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வடையைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார்.

"வீரமுத்து பூட்டா, சாப்பிடுங்க. ஓடலன்னு தெரியட்டும், வட வைக்கிறேன்."