சகலை கொண்டுவந்த கறுப்பு வில்லை

போன வாரம் முழுக்க மேகத்துக்காக வேண்டிக்கொண்டேன். சாரல் சீசனில், தென்காசியில், மேகம் வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேட்காமலேயே வருகிற ஐட்டம் அது!

காரணம், என் சகலை கணேசன். என் மனைவியின் தங்கை கணவர். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. குற்றாலத்தில் குளிக்க, குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார்; நாங்களும் அங்கேதான். வந்தவர் சும்மா வந்தாரா? பையிலிருந்து ஒரு கறுப்பு வில்லையை எடுத்து வைத்தார். பார்க்க, பாத்திரம் தேய்த்து ஓய்ந்த ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தது.

"நானோ காம்போசிட்" என்றார்.

வீடே வாயைப் பிளந்தது. ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது... அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பிளந்தது.

என் மகள் சுபாதான் விடவில்லை. இப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். "அப்டின்னா என்ன சித்தப்பா?"

பாலிமர் நுரைக்குள் கண்ணுக்குத் தெரியாத கார்பன் துகள்களைக் கலந்திருக்கிறார்களாம். மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கி, சூடாக மாற்றிவிடுமாம். தண்ணீரில் மிதக்கவிட்டால், அடித் தண்ணீரை விட்டுவிட்டு மேலே இருக்கிற மெல்லிய அடுக்கை மட்டும் ஆவியாக்கும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். அடுப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

"கடல் தண்ணியவே குடிக்கலாம் சுபா!"

என் மாமனார் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூத்த மாப்ள எழுதுதாரு. இளைய மாப்ள கண்டுபிடிக்காரு."

ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால், அந்த 'எழுதுதாரு'வை அவர் சொன்ன விதம் இருக்கிறதே... 'சும்மா இருக்காரு'வுக்கு அடுத்த வீடு!

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது சுபா. இந்தப் பத்தியை வாராவாரம் முதலில் படிப்பவள் அவள். ஒற்றுப்பிழை பார்ப்பாள். "இந்த ஜோக் வேண்டாம்ப்பா" என்பாள். இந்த முறை தாளை நீட்டினால், "அங்கன வைங்கப்பா, அப்புறம் பாக்கேன்" என்றாள் – வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாள் பார்த்தேன். என் கட்டுரையின் மேல் அந்த வில்லை காய்ந்துகொண்டிருந்தது.

பொறாமைதான். இன்னும் நாகரிகமான பெயர் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் போனில் தேடித் தேடிப் படித்தேன். எதற்கு? குறை கண்டுபிடிக்கத்தான். காலையில் இட்லியை வைத்துக்கொண்டு கேட்டேன்: "ஏன் கணேசன், வெயிலே இல்லன்னா இது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, சும்மா மிதக்கும்" என்று சிரித்தார். "அது மட்டுமா? உப்பு படிஞ்சா வேகமும் கொறஞ்சிரும். அதுலதான் நாங்க தலையப் பிச்சிக்கிட்டு இருக்கோம்."

இப்படி உண்மையைச் சொல்லிவிடுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

மொட்டை மாடியில் சோதனை ஆரம்பமானது. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் உப்புத் தண்ணீர். ஒன்றில் மட்டும் வில்லை. இரண்டையும் மூடி, ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்தாயிற்று. வெயில் பட்டால் வில்லை இருக்கிற பக்கம்தான் முதலில் ஆவி படியும்.

வெயில் வந்தால்தானே? மலை மேகத்துக்குள் போய்விட்டது. காற்றெல்லாம் சாரல். சுபா ஒரு குடைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மேகத்தைப் பார்த்து, 'நீ பாட்டுக்கு இரு ராசா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். மறுநாள் சகலைக்கு ரயில். சுபா மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, தென்காசிப் பிள்ளை குளிக்க வர மாட்டேன் என்கிறாள்! துணைக்கு நான்.

மத்தியானம் சாப்பிடக் கீழே போனாள். "வெயில் வந்தா கூப்பிடணும்ப்பா, என்ன?"

அவள் போன கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. சுள்ளென்று வெயில். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் – வில்லைக்கு மேலே இருந்த கிண்ணம் உள்ளுக்குள் மெல்ல வெளுத்தது. பக்கத்துக் கிண்ணம் பளிச்சென்று அப்படியே இருந்தது.

மாடியில் நான் மட்டும். கூப்பிடாவிட்டால் யாருக்குத் தெரியும்? சாரல் காலத்து வெயில், இதோ போய்விடும். நாளைக்கு ரயில். 'என்னமோ கொண்டாந்தாரு, ஒண்ணும் நடக்கல' என்று கதை முடிந்துவிடும்...

நின்றேன். வாசகர்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கூப்பிடாமல் நின்றேன்.

கிண்ணத்தில் ஒரு துளி பெரிதாகி, வழுக்கி இறங்கியது. இதற்காகத்தானே நனைந்துகொண்டு கிடந்தாள் அந்தப் பிள்ளை? அவள் பார்க்க வேண்டியதை நான் திருடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்...

"ஏட்டி சுபா! ஓடியா... ஓடியா!"

சாம்பார் கையோடு ஓடி வந்தாள். கத்தவில்லை, குதிக்கவில்லை. அந்தக் கையாலேயே என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா... நெசமாவே வருதுப்பா."

அந்த ஒரு நிமிஷம் எனக்கே எனக்கு.

ஒரு நிமிஷம்தான்! "போனக் குடுங்கப்பா, சித்தப்பாகிட்ட காட்டணும்!"

வீடியோ காலில் சகலை தெரிந்தார். உடம்பெல்லாம் எண்ணெய். அருவிக்கரை மசாஜ்காரர் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்க, மாமனார் போனைப் பிடித்திருந்தார். "கிட்ட காட்டுங்க அண்ணாச்சி, இன்னும் கிட்ட!" என்று சகலை எழுந்தேவிட்டார். "அசையாதீங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் இங்கே கேமராமேன்!

சகலை போனை ஒட்டிக் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய் பட்டிருக்கும்.

"யாரு சுபா மொதல்ல பாத்தது?"

"எங்கப்பா!" என்றாள்.

அடுத்த சாரலுக்கு இன்னும் பெரிய வில்லையோடு வருகிறாராம் சகலை. வரட்டும்... பொறாமைப்பட எனக்கும் சொந்தத்தில் ஓர் ஆள் வேண்டாமா?