இரண்டு பேரிடம் கேட்பவர்

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரக் கிட்டங்கியில் என்னோடு பெட்டி அடுக்கியவர் சிக்காகோவிலிருந்து வந்த கறுப்பின மனிதர். நெடிய உருவம், நரைத்த மீசை. பஸ் நேரத்தைக்கூட இரண்டு பேரிடம் கேட்பார். இளமையில் அங்கே வாடகை வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனவராம். இருவருக்கும் அரைகுறை டேனிஷ்தான். ஆனால் என் நினைவில் அவர் தமிழில் கதைக்கிறார்.

ஊரிலிருந்து மனைவியை இங்கே அழைக்க நான் விண்ணப்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"மனிசிக்கு விசா வந்ததோ?"

"இல்லை. பாத்துக்கொண்டிருக்கினமாம்."

"எங்கட ஊரிலயும் கறுப்பருக்கு வீடு தரமாட்டமெண்டு சொல்லமாட்டினம். நேற்றுத்தான் குடுத்திட்டமெண்டு சிரிப்பினம். பிறகு நாங்கள் ஒரு வெள்ளைக்காரனை அனுப்பினா, அதே வீடு இருக்கும். உனக்குப் பிறகு விண்ணப்பிச்ச, தமிழனில்லாத ஒருத்தனைக் கேட்டுப் பார்."

டேனிஷ் வகுப்பில் ஓர் ஈரானியரைக் கேட்டேன். எனக்கு எட்டு மாதம் பிந்தி விண்ணப்பித்தவர். மனைவி அடுத்த கிழமை வருகிறாள், கட்டில் எங்கே வாங்கலாம் என்றார். கடையைச் சொன்னேன்.

மறுநாள் சிக்காகோக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த பெட்டியைத் தூக்கித் தந்தார்.

நான் அவரைக் கேட்டிருக்க வேண்டும், தனக்கு இல்லையென்ற அந்த வீடு இருப்பதைக் கண்டுபிடித்த மறுநாள் அவர் எப்படி வேலைக்குப் போனார் என்று. கூச்சத்தில் கேட்கவில்லை. இருவரும் பெட்டிகளை அடுக்கினோம்.