செம்பருத்தியில் எச்சில்

புதிய எச்சில்பூச்சி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதிய மூன்று வாரமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளர்ந்த பூச்சிகள் கையில் இருந்தன. எச்சில் போன்ற நுரைக்குள் ஒளிந்து வாழும் அதன் குஞ்சு மட்டும் எந்த மலையிலும் சிக்கவில்லை. எழுதுவேன், எழுதியதை அடிப்பேன், எழுந்து நடப்பேன். கொள்ளேகாலில் பிறந்த என் மனைவி தினமும் மைசூர் வீட்டு வாசலிலிருந்து குரல் கொடுப்பாள்.

"செம்பருத்தி மேல இன்னைக்கும் எவனோ துப்பிட்டுப் போயிருக்கானுங்க."

"தண்ணி ஊத்திக் கழுவி உடு" என்று எரிந்து விழுவேன்.

'குஞ்சு கிடைக்கவில்லை' என்று எழுதிக் கட்டுரையை அனுப்பிய மறுநாள்தான் வாசலுக்குப் போனேன். செம்பருத்தித் தண்டில் வெள்ளை நுரை. குச்சியால் விலக்கினேன். உள்ளே பச்சைக் குஞ்சு ஒன்று நெளிந்தது. பக்கத்திலேயே நான் பெயர் வைத்த பூச்சி, அப்போதுதான் தோலுரித்து வெளியே வந்திருந்தது.

பின்னால் அவள் வாளியோடு நின்றாள்.

"கழுவி உட்டுடட்டுங்களா?"