மலைக்கு முதுகு காட்டிய மாடி

என் கணவருக்கு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரை ஒரு தடவை மேலேயிருந்து பார்த்துவிட வேண்டும். அதற்குக் காசு கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் ஒரு டீக்கு மேல் போகக் கூடாது. பெரிய ஹோட்டலின் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஜூஸுக்கு அவர்கள் கேட்கிற விலையைக் கொடுப்பவர்களைப் பார்த்தால், "ஆகாசத்துக்கு வாடகை வாங்கறான் பாரு" என்பார். ஜவுளிக்கடை மேல்தளத்து கேன்டீன், வண்டி நிறுத்தும் கட்டடத்தின் உச்சி, துணி காயும் லாட்ஜ் மாடி என்று நாங்கள் போன ஊர்களையெல்லாம் இப்படித்தான் பார்த்தோம். கல்யாணமான புதிதில் எனக்கு இது வெறும் கஞ்சத்தனமாகப் பட்டது. போகப்போக அவரைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றிப்போனது.

அப்புறம் எனக்கு முட்டி ஆபரேஷன் வந்தது. நடக்கலாம், மலை, கோட்டை, செங்குத்துப் படியெல்லாம் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். இனிமேல் இவர் மட்டும் ஏறிப் போய்ப் போனில் படம் பிடித்து வருவார், நான் கீழே ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்து "நல்லாருக்கு" என்று சொல்ல வேண்டும். என் உயரங்களெல்லாம் இத்தோடு முடிந்தன என்று நினைத்தபோது பயமாக இருந்தது. பயத்தை எரிச்சலாக மாற்றி வீட்டில் எல்லோர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் போன முதல் ஊர் திருவண்ணாமலை. அங்கே மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறினால் மொத்தக் கோயிலும் தாம்பாளத்தில் எடுத்து வைத்ததுபோலத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற முடிந்தவர்களுக்கு அதைவிட மலிவான காட்சி கிடையாது. நான் ஏற முடியாது. "அப்ப நானும் போகல. கீழயே ஒரு எடம் கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக என் பேச்சைக் கேட்காதவர், இதை மட்டும் நான் கேட்காமலேயே செய்தார். எனக்குள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடிக் காபிக் கடை. படி அகலம், கைப்பிடி உண்டு, மெதுவாக ஏறிவிட்டேன். மேலே போனால் எல்லா நாற்காலிகளும் மலையைப் பார்த்துப் போட்டிருந்தன. அதில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். "கண்ண மூடிக்கறதுக்கு எதுக்கு வியூ?" என்று இவர் என் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறியது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். தென்னை மரங்களும் தண்ணீர் டேங்க்குகளும்தான் தெரிந்தன.

அடுத்தது கோயில் பக்கத்தில் லிஃப்ட் வைத்த ஒரு லாட்ஜ். "டெரஸ் பூட்டிதாங்க இருக்கும், தீபத்துக்கு மட்டும்தான் தொறப்போம்" என்றார் மேனேஜர். எங்கள் முகம் வாடியதைப் பார்த்து, வராந்தா ஜன்னல் ஒன்றைப் பெரிய மனதோடு திறந்து காட்டினார். அதிலும் மலை.

அன்று மத்தியானம் பேய்க்கோபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். கோயிலுக்கு மேற்கே, மலையடிவாரம், தரையே கொஞ்சம் மேடு. முட்டி கெஞ்ச ஆரம்பித்தது. ஒரு மெத்தைக் கடை வாசலில் ஸ்டூல் இருந்தது, கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். என் கணவர் விடுவாரா?

"பாய், உங்க மாடிலேர்ந்து வியூ எப்படி?"

"மலை சூப்பரா தெரியும்ங்க. தீபத்தன்னிக்கு நிக்க எடம் இருக்காது. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, எல்லாரும் வந்துடுவாங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மலை எங்க நின்னாலும் தெரியுது பாய். எங்க ரூம் பாத்ரூம் ஜன்னல்ல கூடத் தெரியுது. எனக்கு ஊரு தெரியணும், கோயில் தெரியணும்!"

அவர் நிஜமாகவே யோசித்தார். "அது பின்னாடிப் பக்கமாச்சேம்மா? அந்தப் பக்கம் திரும்பி யாரும் நிக்க மாட்டாங்களே."

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். என் வயதுதான் இருக்கும், என்னைவிடக் கொஞ்சம் கனம். "நல்லா தெரியும்க்கா. தெக்கால எங்க பொண்ணு வூட்டு மாடி கூடத் தெரியும். மேல வாம்மா, நான் இங்கேர்ந்து கைய ஆட்றேன்னு எத்தினி நாளா கூப்டுனே இருக்கா. நான் எங்க ஏறறது? ரெண்டு முட்டியும் போச்சு."

உள்ளே கூட்டிப் போய்ப் படியைக் காட்டினார். குறுகல், கைப்பிடி கிடையாது, ஒவ்வொரு படியும் முழ உயரம். பஞ்சு மூட்டை ஏற்றக் கட்டிய படி. நானும் அந்தம்மாவும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கிருந்து தோன்றியதோ, நான் சேலையைச் செருகிக்கொண்டு படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு ஏறினேன். முட்டி ஒன்றும் சொல்லவில்லை. "யா அல்லா!" என்று சிரித்தவர், அடுத்த நிமிஷம் எனக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஏறினோம். ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு சிரிப்பு. நடுவில் பஞ்சுக் கிடங்கு வாசலில் நின்று, இல்லை, உட்கார்ந்து, முட்டிக்கு யார் யார் என்னென்ன தைலம் கொடுத்தார்கள் என்று பேசினோம். வழியை நாங்கள் அடைத்துக்கொண்டதால் ஆண்கள் இரண்டு பேரும் கீழேயே நின்று, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைத் தவிர அவர்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

மேலே பழைய புடவைகளை விரித்துப் பஞ்சு காயப் போட்டிருந்தார்கள். நான் அவர் தோளையும் அவர் என் தோளையும் பிடித்து எழுந்து, மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம்.

கோயில் முழுசாகக் கிடந்தது. கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே நான் காலையில் தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு நடந்த பிராகாரங்கள், பச்சைத் தண்ணீரோடு குளம். அதற்கப்பால் நெருக்கமாக வீடுகள், கேபிள் ஒயர்கள், மாடிகளில் காயும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள். வடக்கே வேங்கிக்கால் பக்கம் புதுக் கட்டடங்கள், கிழக்கே வெகு தூரத்தில் கீழ்பென்னாத்தூர் போகிற திக்கில் வயல்களின் மங்கலான பச்சை. என் கண்ணால், போன் இல்லாமல், நான் நின்று பார்த்தேன். முடிந்துபோனது என்று நினைத்தது முடியவில்லை.

பக்கத்தில் அந்தம்மா போனைக் காதில் வைத்திருந்தார். "மேல வாடி. உன் மாடிக்கு. நான் எங்க மாடிலதான் நிக்கறேன். பொய் இல்லடி, வா!"

தெற்கே, சில தெருக்கள் தள்ளி, ஒரு மாடிக் கதவு திறந்தது. சின்னதாக ஓர் உருவம் ஓடி வந்தது. கையை ஆட்டினால் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, கொடியில் கிடந்த சிவப்புப் போர்வையை உருவி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் வீச ஆரம்பித்தாள். போனைப் பக்கத்துச் சுவரில் வைத்திருந்தாள் போல, அதில் அவள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அம்மாவோ போனை மறந்துவிட்டு, அத்தனை தெருவையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோல மகளின் பேரைச் சொல்லிக் கத்தினார்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் சேர்த்துத்தான் வீசினாள்.